அதியுச்ச தண்டனை கேட்ட பாராட்டுரை

யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்தில் சிரேஷ்ட அரச சட்டத்தரணியாக இருந்த எவரும் அந்தக் கதிரையில் நிலைத்ததில்லை. அரசின் சார்பில் குற்ற வழக்குகளை நடத்துவது எங்கள் தொழில். அதில் காதோரம் நரைக்கும் வயது வந்ததும் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று மேலே: நீதிபதியாவது. மற்றது குறுக்கே: மேசையைச் சுற்றிப் போய், குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிகளுக்காக வாதாடுவது.

நான் சேர்ந்தபோது இருந்த பெரியவர் குறுக்கே போனார். ‘இந்தப் பொலிஸ் சார்ஜன்ட் பொய் சொல்லத் தெரியாதவர்’ என்று நீதிமன்றுக்கு உறுதி சொல்லி வந்தவர், அடுத்த மாதம் வேறொரு வழக்கில் அதே சார்ஜன்டிடம், கடைசியாக உண்மை கதைத்தது எப்போது என்று கேட்டார். சார்ஜன்ட் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்து வந்தவர் மேலே போனார். அவருக்குப் பின்னால் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே என் தலைமயிரில் பாதி போயிருந்தது. அவர் நீதிபதியாகிறார் என்ற செய்தி வந்தபோது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஒரு நல்ல மனிதர் உயர்ந்தார். ஒரு நல்ல கதிரை காலியானது. எந்த மகிழ்ச்சி பெரியது என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

அந்தக் கதிரைக்கு நானும் கொழும்பில் இருந்த ஒருவரும் விண்ணப்பித்திருந்தோம். அவர் என்னைவிட இளையவர். அவருக்குக் கிடைத்தால் இங்கே வந்து அமர்வார். நான் அவருக்குப் பின்னாலும் கட்டுத் தூக்கவேண்டும். மிச்சமிருந்த மயிரின் கதி அதில் தங்கியிருந்தது.

புதிய நீதிபதி முதன்முதலாக ஆசனம் ஏறும் நாளில் மன்றிலேயே வரவேற்புரைகள் நடக்கும். முதலில் சட்டத்தரணிகளில் மூத்தவர் பேசுவார். பிறகு சட்டமா அதிபரின் சார்பில் எங்கள் பக்கத்தில் இருந்து ஒருவர். கடைசியில் நீதிபதி பதில் சொல்வார். எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன்தான். அதோடு, கதிரை யாருக்கு என்று தீர்மானிக்கும் மேலதிகாரியும் கொழும்பு மெயில் ரயிலில் வருகிறார் என்று தெரிந்தது. சாவகச்சேரியில் பிறந்த மனிதர். தமிழில் நான் என்ன சொன்னாலும் அவருக்கு விளங்கிவிடும். அதுதான் பயம்.

கோப்பாயில் எங்கள் வாழைத் தோட்டத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன். வாழைகள் ஆட்சேபிக்கவில்லை. பாத்திகளுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்த மனைவிதான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அந்த மனுசனைப் பாராட்டிறியளோ, பிடிச்சு அடைக்கப் பாக்கிறியளோ?”

காரணமில்லாமல் கேட்கவில்லை. அவருடைய நேர்மை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தேன். பொறுமைக்குச் சூழ்நிலைச் சான்றுகள் காட்டியிருந்தேன். அவள் வெட்டச் சொன்னதில் பாதியை வெட்டினேன். மற்றப் பாதி எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நாளும் வந்தது. மன்று நிறையக் கறுப்புக் கோட்டுகள். பின்வரிசையில் குடும்பங்கள், கூறைச்சேலைக்கு அடுத்த தரச் சேலையில் என் மனைவி. முன்வரிசையில் மேலதிகாரி. ஆசனத்தில் புதிய நீதிபதி, நான் ‘சேர்’ என்று கூப்பிட்டு வந்தவர், புது அங்கியில் கொஞ்சம் வியர்த்தபடி.

உண்மையைச் சொன்னால் நான் நன்றாகவே பேசினேன். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார்கள். மேலதிகாரி இருதரம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது. தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். கடைசி வசனத்துக்குத் தாள் எதற்கு? பல்லாண்டு பணியாற்ற வாழ்த்தி அமர வேண்டும், அவ்வளவுதானே.

ஆனால் அதே இடத்தில் நின்று, அதே ஆசனத்தைப் பார்த்து, வழக்குத் தொகுப்புரையின் கடைசி வசனத்துக்காகக் குரலை உயர்த்திய போதெல்லாம் இத்தனை வருடமாக நான் சொன்னது ஒன்றே ஒன்று. என் வாய் என்னைக் கேட்காமல் அதைச் சொன்னது.

“ஆகவே, இவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அதியுச்ச தண்டனையை விதிக்குமாறு மன்றைத் தயவாக வேண்டி அமர்கிறேன்.”

அமர்ந்தும் விட்டேன். சுருக்கெழுத்துப் பெண் தலை நிமிராமல் அதையும் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பிறகு சொன்னதை இங்கே சொல்ல வேண்டாம்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத் திரும்ப மாட்டினார்.

“வழக்குத்தொடுநர் கேட்ட தண்டனை எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது,” என்றார். “எனக்கு இடமாற்றம் வரும்வரை, இவருடைய தொகுப்புரைகளை நான் இங்கே இருந்து கேட்கவேண்டும்.”

மன்று வெடித்தது. அப்படியொரு சிரிப்பை அந்தச் சுவர்கள் கேட்டிருக்காது. மேலதிகாரி மட்டும் பையிலிருந்து எடுத்த கைலேஞ்சித் துணிக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். சிரிக்கிறாரா, வெட்கப்படுகிறாரா என்று விளங்கவில்லை. கதிரை கொழும்புக்காரருக்குப் போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

பிறகு சட்டத்தரணிகளின் அறையில் தேநீர். பொரித்த றோல்ஸும் பற்றீஸும் தட்டுகளில் பரவியிருந்தன. ஒரு மூலையில் ஒதுங்கி நின்ற என்னை மேலதிகாரி கையால் கூப்பிட்டார். பக்கத்தில், குறுக்கே போன அந்தப் பழைய பெரியவர், கன்னம் புடைக்கத் தின்றுகொண்டு நின்றார்.

“ஐசே, எனக்கு ஒண்டு சொல்லும்,” என்றார் மேலதிகாரி. “இந்தக் கதிரையிலை ஆரை இருத்தினாலும் எழும்பி ஓடுகினம். நீர் நீதிபதியாப் போற யோசனை இருக்கோ?”

இன்றைக்குப் பிறகு என்னை யார் எடுப்பார்கள் என்று உண்மையைச் சொன்னேன்.

“எதிர்ப்பக்கம்?”

நான் வாய் திறக்கமுன் பழைய பெரியவர் றோல்ஸை விழுங்கினார். “உவரை எங்கடை பக்கம் அனுப்பிப்போடாதேங்கோ சேர். என்ரை கட்சிக்காரனுக்கு நான் பிணை கேக்க, உவர் எழும்பித் தூக்குக் கேப்பார்.”

மேலதிகாரி இந்தமுறை கைலேஞ்சியைத் தேடவில்லை, நேராகவே சிரித்தார்.

“அப்ப கதிரை உமக்குத்தான். கடிதம் வரும். நீர்தான் ஐசே எங்கையும் போகமாட்டீர்.”

அந்த வசனத்துக்குள் எங்கேயோ ஓர் அவமானம் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு றோல்ஸ் எடுத்துக் கடித்தபடி நன்றாகத் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.