ஞாயிற்றுக்கிழமை நுகத்தடி

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அண்ணன் நுகத்தடியைத் தோளில் தூக்கி வந்து, மாட்டுக் கொட்டகைச் சுவரில் அடித்திருந்த இரண்டு முளைகளின் மேல் வைப்பார். வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். திங்கட்கிழமை விடியும்வரை அது அங்கேதான் இருக்கும். வாகை மரத்து நுகத்தடி. மாட்டுக் கழுத்து பட்டுப் பட்டு இரண்டு பக்கமும் வழவழப்பாகி இருந்தது. அதை அந்தச் சுவரில் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தண்ணீர் முறை.

நாமக்கல்லுக்கு மேற்கே வானம் பார்த்த மேட்டாங்காடு எங்களுடையது. கிணறு ஒன்று, பாத்தியதை இரண்டு குடும்பத்துக்கு. ஞாயிறு, புதன், வெள்ளி எங்களுக்கு. மற்ற நான்கு நாளும் மூத்த வழி என்பதால் பெரியப்பா மகனுக்கு. மாடு பூட்டித் தோல் சாலில் இறைக்கிற கிணறு அது. ஒரு முறையை விட்டால் விட்டதுதான். மறுநாள் போய்க் கேட்க முடியாது. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த பிறகு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மாடு பூட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். பெரியப்பா மகன் அந்த நாளையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய மிளகாய்ச் செடி பச்சையாக நிற்கும். இந்தப் பக்கம் எங்களுடையது தலை தொங்கி நிற்கும். நான் குடத்தில் மொண்டு ஒவ்வொரு செடிக்கும் ஊற்றிக்கொண்டிருப்பேன். அண்ணன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி ஜெபக் கொட்டகைக்குப் போவார். அவ்வளவு சந்தோஷமான மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எத்தனை கஷ்டம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்கு முந்தி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் காலராவில் போனபோது எனக்கு ஆறு வயது, அவருக்குப் பதினாறு. என்னை வளர்த்தது அவர்தான். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் மூக்குக்கு மேல் கோபம். சேவற்கட்டு, கள்ளுக்கடை, வரப்புச் சண்டை என்று எதிலும் முதல் ஆள். ஒரு முறை சால் இறைக்கத் தாமதமாயிற்று என்று பெரியப்பா மகனைச் சாட்டையாலேயே விளாசினார். அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் ஊர் எங்கள் வீட்டுக்கு மரியாதை கொடுக்கிறது என்று நானும் கொஞ்சம் கர்வப்பட்டிருக்கிறேன். அந்தக் கர்வத்துக்குத்தான் பிறகு வட்டியோடு அனுபவித்தேன்.

பதினேழு வயதில் என்னைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். சந்தைக்குப் போனால் எனக்கென்று கொஞ்சம் கடலை மிட்டாய் மடியில் முடிந்து வருவார். கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. மூன்றாம் பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவந்தார். புதுப் பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் வண்டி நிறைய இருந்தன. அந்த வருஷம் மழை இல்லை. மாடுகள் எலும்பும் தோலுமாக இருந்தன. என் மாமனார் எல்லோரையும் கேலி பேசுகிறவர். வண்டியைப் பார்த்தவர், சீர் கனமாகத்தான் இருக்கிறது, மாடுதான் மச்சானைவிட இளைத்துப் போயிற்று என்றார். வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. இறக்கிய பானையை மறுபடி வண்டியில் ஏற்றினார்.

"வண்டில ஏறு அம்மிணி. இந்த ஊட்டுத் தண்ணி இனி உனக்கு வேண்டாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் அன்று சந்தைக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வளர்த்தவர் சொல்கிறார், இரண்டு நாளில் கோபம் ஆறினால் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்று நினைத்து ஏறிவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொண்டு பெண்ணைக் கூட்டிப்போன பிறந்தவீட்டார்தான் அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். புருஷன் வீட்டார் தேடி வந்தால் அது அவர்களுக்குத் தலைகுனிவு. பெண் தானாகப் புறப்பட்டுப் போனால், கெஞ்சி ஒட்டிக்கொண்டவள் என்ற பேச்சு சாகும்வரை போகாது. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை ஆள்விட்டுச் சொன்னார்: கூட்டிப்போனவரே கொண்டுவந்து விடட்டும். அண்ணன், அவர்கள் வந்து கேட்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். இப்படியே பதினோரு வருஷம் ஓடிற்று. ஏழாவதோ எட்டாவதோ வருஷத்தில், அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார் என்று வளையல்காரி சொல்லிவிட்டுப் போனாள். நான் நம்பவில்லை. நம்பாமல் இருந்தால் பொய்யாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஒன்பதாவது வருஷம் அண்ணன் இறைப்பு மாட்டை அடித்த அடியில், அது தன் பங்குக்குத் திருப்பிக் கொடுத்தது. கிணற்றுச் சரிவில் அண்ணன் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்தார். அங்கே கட்டுக் கட்டிவிடுகிற ஒருவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிப்பாராம். போன மனிதர் ஒருவர், திரும்பி வந்தவர் வேறொருவர். கள்ளு நின்றது. சேவல்களைக் கூண்டு திறந்து விட்டார். பெரியப்பா மகன் வீட்டு வாசலில் போய் நின்று, அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அடித்த மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு அதனிடமும் ஏதோ முணுமுணுத்தார். பண்ணையக்கார வீட்டுப் பிள்ளை சேரிப் பாயில் உட்காருகிறான் என்று ஊரார் தள்ளிவைத்தார்கள்; அதற்கும் சிரித்தார். ஜெபக் கொட்டகை உபதேசியாரின் சம்சாரம் வீட்டுக்கு வந்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். இதை எழுதுகிற எழுத்தே அவள் போட்ட பிச்சைதான். அந்த நன்றியை மறைக்கமாட்டேன்; கோபத்தையும் மறைக்கப் போவதில்லை.

என் கோபம் தண்ணீர் முறைக்காக மட்டும் இல்லை என்று எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கிற்று. அன்று அண்ணன் சாட்சி சொல்லப் போகிறார், நீயும் வா என்று அண்ணி வற்புறுத்திக் கூட்டிப்போனாள். ஜெபக் கொட்டகையில் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். அண்ணன் எழுந்து நின்று தன் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கள்ளுக் குடித்தது, சேவற்கட்டில் ஒருவன் மண்டையை உடைத்தது, பங்காளியை அடித்தது, வாயில்லாத ஜீவனை அடித்தது எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் ஆண்டவர் மன்னித்தார் என்றார். அடுத்தது நான், அடுத்தது நான் என்று காத்திருந்தேன். நானும் வந்தேன். ஆனால் பாவக் கணக்கில் வரவில்லை. புருஷன் வீட்டில் அவமானப்பட்ட தங்கையைக் கைவிடாமல் இத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்ற ஆண்டவர் எனக்குக் கிருபை செய்தார் என்று சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துப் பிரியமாகத் தலையசைத்தார்கள். ஜெபம் முடியுமுன் நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தவர் சோற்றுக்கு உட்கார்ந்தார். நான் பரிமாறவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, மாட்டுகிட்டக்கூட மன்னிப்புக் கேட்டீங்க. எங்கிட்டக் கேட்டீங்களா?"

எதற்கு என்று கேட்டார். நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைப் பொறுக்க முடியாமல் செய்தது.

"நான் அந்த ஊட்டுல அவமானப்படலீங்க. நானுஞ் சிரிச்சேன். கோவம் உங்களுக்கு வந்துச்சு, வாழ்க்கை எனக்குப் போச்சு. பதினோரு வருசமாக் கொண்டுபோயி உடுவீங்கன்னு பாத்துட்டிருக்கறேன். என்ர வாழ்க்கையக் கெடுத்ததுக்கு உங்க சாமி எப்படீங்க உங்களை மன்னிக்கலாம்?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அன்று போயிற்று. சோறு அப்படியே இருக்க எழுந்து போனார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் அவர் பாட்டுக் கேட்கவில்லை. மனம் நிறைந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு நன்றாக இருந்தது. சனிக்கிழமை வழக்கம்போல நுகத்தடியைக் கொண்டுவந்து சுவரில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்து சாணி அள்ளப் போனேன். சுவரில் முளைகள் மட்டும் இருந்தன. மிளகாய் காய்ந்தபோது பூட்டாத மாட்டை அன்று வண்டியில் பூட்டிக்கொண்டு தனியாகப் போயிருந்தார். எங்கே என்று அண்ணி சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தலைக்குக் குளித்தேன். பெட்டியில் இருந்த சேலையை எடுத்து வெயிலில் காயப்போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி வந்தது. அண்ணனின் தலையில் உருமாலை இல்லை, இடுப்பில் சுற்றியிருந்தார். அப்படிப் பணிந்துதான் என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருக்கிறார். மாமனார் காலமாகி நாலு வருஷமாம். வளையல்காரி சொன்னது நிஜம். இரண்டு பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தனவாம். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, கோபப்படாமல் பேசியிருக்கிறார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மறைக்காமல் அண்ணன் என்னிடம் சொன்னார்.

"ரெண்டு வருசம் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், வாசலுக்கு ஓடியாந்து பாத்தேன் மச்சான். அப்ப வந்திருந்தீங்கன்னா நானே மாட்டை அவுத்திருப்பேன்."

சொல்லி முடித்துவிட்டு அண்ணன் மண்ணில் உட்கார்ந்தார். அப்பா செத்தபோதுகூட அழாதவர் அழுதார்.

"என்ர வீம்புக்கு உன்ர வாழ்க்கையக் கெடுத்துப் போட்டேன் அம்மிணி. உங்கிட்டத்தான் முதல்ல கேட்டிருக்கோணும். மன்னிச்சிரு சாமி."

பதினோரு வருஷம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாடு நுரை தள்ளுகிறது, முதலில் தண்ணீர் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய், காயப்போட்ட சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் சிரிக்கவில்லை. ஜெபக் கொட்டகையில் மறுபடி எழுந்து நின்று, முன்பு சொன்ன சாட்சி பொய் என்றும், தங்கையை நான் காப்பாற்றவில்லை, அவள் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்றும் சொன்னாராம். புதன்கிழமை முறையையும் அதில் பாயும் காட்டையும் என் பேருக்கு எழுதிவைத்தார். மெல்ல மெல்லத்தான் சிரிப்பு திரும்பி வந்தது. அது பழைய சிரிப்பு இல்லை. பழையது என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துச் சிரித்த சிரிப்பு. இது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அதன் பிறகு அவருக்கு மழை பொய்த்தது, யுத்தக் காலத்தில் அரிசிக்கு அலைந்தார், நெஞ்சுவலி வந்தது. அந்தச் சந்தோஷம் மட்டும் கடைசிவரை குறையவில்லை. அவருடைய ஆண்டவரை நான் நம்பினேனோ இல்லையோ, அந்த மனிதர் மாறியதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் அதன் பிறகு கேட்டு நச்சரிக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுப் பானையும் வெல்லமும் வாங்கிவந்து, பிறந்தவீட்டுச் சீர் என்று அதே வீட்டின் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பானையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த வருஷம் இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். ஒன்பது பொங்கல் அப்படிப் போனது. பத்தாவது பொங்கலுக்கு அவர் இல்லை. அவர் கேட்கவில்லை என்று பதினோரு வருஷம் எரிந்தவள், அவர் கேட்ட பிறகு பதில் சொல்லாமல் ஒன்பது பொங்கல் நிற்கவைத்தேன். வீம்பு எங்கள் குடும்பச் சொத்து; அதில் எனக்கும் சரிபாதி வந்திருக்கிறது. அவர் தன் பங்கைத் தொலைத்துவிட்டுப் போனார். நான்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் வேதத்தில் சேரவில்லை. ஆனாலும் இப்போது என் கைக்கு வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை முறையை நானும் இறைப்பதில்லை. பெரியப்பா மகனின் பையன் போன மாதம் வந்து, எதற்கு அத்தை ஒரு நாளை வீணாக விடுகிறீர்கள், நீங்கள்தான் அந்தக் கூட்டத்தில் இல்லையே என்று கேட்டான். மாடு ஒரு நாள் இளைப்பாறட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நுகத்தடியை நானே தூக்கி வருகிறேன். கனம் தாங்காமல் இரண்டு இடத்தில் இறக்கிவைத்துத்தான் கொண்டுவர முடிகிறது. சுவரில் வைத்துவிட்டு, அவர் பானையோடு முன்னால் நிற்பதாக நினைத்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "செரி, போங்கண்ணா" என்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்கிறேன். மாடு மட்டும் அசைபோடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறது.