மூடி திறக்காத பிளேயர்

காசு கொடுத்து சிடி பிளேயரை மேம்படுத்திக்கொள்கிறவர்களைப் போல் ஏமாளிக் கூட்டம் ஓசூரில் வேறு கிடையாது. அடித்துச் சொல்வேன், நானும் அதில் ஒருவன். வாரமெல்லாம் தொழிற்பேட்டையில் மைக்ரான் கணக்கில் அளந்து, மயிரிழை கூடினாலும் பாகத்தைத் தூக்கி எறிகிற மனிதர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருவர் வீட்டு சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்து, "பாட்டுல பாஸ் சத்தம் எப்படி இறங்குது பாருங்க சார்" என்று தலையாட்டுவோம். எதையும் அளக்க மாட்டோம். அளந்து பார்க்கலாமே என்று ஒருவன் கேட்டுவிட்டால், அவனுக்குக் காது இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

எங்கள் குலதெய்வம் பெங்களூருவில் இருந்தார். பிளேயரைக் கொடுத்தால் உள்ளே கெப்பாசிட்டர், கிளாக், ஒயர் எல்லாவற்றையும் மாற்றி மூன்று வாரத்தில் திருப்பித் தருவார். அவர் கேட்கிற கூலிக்குப் புது பிளேயரே வாங்கிவிடலாம். ஆனால் புதுசில் அவர் கை பட்டிருக்காதே.

நானும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பின்பக்கம் பொன்னிற ஸ்டிக்கர் ஒன்று, கூடவே மாற்றிய பாகங்களின் நீண்ட பட்டியல். அன்றைக்கு ராயக்கோட்டையிலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். தக்காளி போடுகிறவன், பாட்டுப் பைத்தியம். அவன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "வயலின் தனியா கேக்குது, தபேலா தனியா கேக்குது. இத்தனை நாளும் கம்பளியப் போத்திக்கிட்டுக் கேட்டிருக்கேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் மாமா" என்றான். இருபது வருசமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவன் வாக்கு அவனுக்கு வேதம். தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தால் தன் பிளேயரையும் பெங்களூருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு மாதம் கழித்து பிளேயரில் சிடி வைக்கிற தட்டு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. மூடியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கே என் வியாதி ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். பிறகு யாராவது அதை அசைத்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் முடுக்கிய ஃபேன், மிக்ஸி, கதவுக் கீல் எல்லாவற்றிலும் மஞ்சள் கோடுதான். "என் நெத்தியிலயும் ஒண்ணு இழுத்துடுங்க" என்பாள் மனைவி.

பெங்களூருக்குக் கொடுப்பதற்கு முன்னால் எப்போதோ லென்ஸைத் துடைத்துவிட்டு மூடியபோது அந்தப் பிளேயருக்கும் போட்டிருக்கிறேன். ஆறு ஸ்க்ரூவிலும் கோடு போட்டது போட்டபடி இருந்தது. பெங்களூரு ஆள் மூடியைத் திறக்கவே இல்லை.

அவன் மேல் வந்த கோபம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அவன் திருடன், திருடினான். ஆனால் நான் தனியாகக் கேட்ட அந்த வயலின் எங்கிருந்து வந்தது? நினைக்க நினைக்க என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு மச்சினன் வந்து நின்றான். தக்காளி கிரேட்டுக்குள் துண்டு சுற்றிய பிளேயர், சட்டைப் பையில் அந்த வருசம் வெயிலில் நின்று சம்பாதித்த பணம். பெங்களூரு பஸ்ஸுக்குப் புறப்பட்டவனை உட்காரவைத்து, கோடுகளைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"கோடு உடையல, சரி. வயலின் தனியா கேட்டுச்சா இல்லியா? அதச் சொல்லுங்க மாமா."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது; மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டுவிட்டாள். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் அவன் பணம் தப்பிவிடும். அக்காளும் தம்பியும் என்னை என்னவென்று நினைப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"கேட்டுச்சு" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஸ்க்ரூவத் தொடாமலே வேலை பாக்கற ஆளு! மத்தவனா இருந்தா பொட்டியப் பிரிச்சு நாசம் பண்ணிருப்பான்." கிரேட்டிலிருந்து தன் பிளேயரை எடுத்து என் மடியில் வைத்தான். "இதுக்கும் கோடு போட்டுக் குடுங்க மாமா. உடையாம வந்தா, ஒழுங்கா பண்ணிருக்கான்னு தெரிஞ்சுக்கறேன்."

பேனா என் பையிலேயே இருந்தது. ஆறு ஸ்க்ரூவுக்கும் கோணாமல் கோடு போட்டுக் கொடுத்தேன்.