நசுங்கிய பால்மாவு டப்பா

எங்கள் வீட்டில் அப்பாவிடம் திட்டு வாங்கினால் அம்மாவிடம் போய் அழ முடியாது. அம்மா கொடுத்த தண்டனையை அப்பாவிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. இருவரும் பட்டாபிராமில் ஒரே மிஷன் பள்ளியில் ஆசிரியர்கள். பிள்ளைகள் முன்னால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பதில்லை என்று கல்யாணமான அன்றே ஜெபம் பண்ணித் தீர்மானித்தார்களாம். ஒருமுறை பக்கத்தில் இருந்தவளின் பலகையைப் பார்த்துக் கணக்குப் போட்டதற்காக அப்பா என்னை வெயிலில் நிற்கவைத்தார். தண்ணீர் குடிக்கும் சாக்கில் அம்மாவின் வகுப்புக்கு ஓடினேன். "அப்பா எவ்வளவு நேரம் நிக்கச் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர் கொடுத்துத் திரும்ப வெயிலுக்கே அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் எங்கள் குடும்பத்தை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார். அண்ணனும் நானும் பொய் சொல்லமாட்டோம் என்பது ஊரறிந்த சங்கதி. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் கூட இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பதின்மூன்று வயது, அண்ணனுக்குப் பதினாறு. ஊருக்கு வெளியே நிலங்களை எடுத்துக்கொண்டு பட்டாளத்துக் கிடங்கு கட்டியிருந்தார்கள். எங்கள் அடுத்த வீட்டு முனுசாமி மாமாவின் நிலமும் அதற்குள் போய்விட்டது. தான் ஏர் ஓட்டிய இடத்திலேயே அவர் இப்போது கூலிக்காரராகச் சாமான் இறக்கினார்.

அந்த வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்து நடக்கத் தெம்பில்லை. பால் கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஆனால் சுற்றுவட்டாரத்துப் பாலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பா திருமழிசை வரை சைக்கிளில் போய் வெறும் செம்போடு திரும்பினார்.

அப்போதுதான் முனுசாமி மாமா அண்ணனைக் கூப்பிட்டு, நசுங்கிய பால்மாவு டப்பா ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். நசுங்கின டப்பாக்களைக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்பது கிடங்கில் சட்டம்.

"மண்ணைப் போட்டு மூடத்தான் போறானுங்கோ. தங்கச்சிக்குக் கரைச்சு குடு நைனா. உங்க நைனாகிட்ட சொல்லிகினு இருக்காத" என்றாராம்.

அண்ணன் டப்பாவை விறகுக் குவியலுக்குள் ஒளித்துவைத்தான். பெற்றோர் பள்ளிக்கூடத்தில் இருக்கும் மத்தியான நேரத்தில் வெந்நீரில் கரைத்து, கட்டி தட்டாமல் ஆற்றி எனக்குக் கொடுப்பான். எட்டு நாள் குடித்தேன். ஒன்பதாம் நாள் சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்தேன்.

பத்தாம் நாள் விறகு எடுக்கப் போன அம்மா டப்பாவைக் கண்டுபிடித்தாள். அதைக் கழுவித் துடைத்து, வேதப்புத்தகம் இருக்கும் மேஜைமேல் வைத்துவிட்டு அப்பா வரும்வரை காத்திருந்தாள்.

"நான்தான் எடுத்தேன். வேலிக்குக் கீழே புகுந்து எடுத்தேன்" என்றான் அண்ணன்.

அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. யார் குடுத்தது?"

அண்ணன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அப்பா கேக்கறாங்க இல்ல, சொல்லு" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டேன். மார்பிலிருந்து பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததைக் கிடங்கு அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் பேரையும் சொல்லணுமா?"

"பாதியை மறைச்சா அது உண்மையா?" என்றார் அப்பா. "நம்ம பிள்ளைங்களுக்கு எதைச் சொல்லிக் குடுத்தோம்?"

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலைவாரி ரிப்பன் கட்டிவிட்டாள். அண்ணனுக்குத் துவைத்த சட்டையை எடுத்து வைத்தாள். அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அதிகாரி வெள்ளைக்காரர். அவர் முன்னாலும் அண்ணன் தான்தான் எடுத்ததாகச் சொன்னான். அப்பா என் தோளில் கைவைத்து, "பயப்படாம சொல்லு" என்றார். நான் முனுசாமி மாமாவின் பெயரையும், அவர் துண்டில் சுற்றிக் கொடுத்ததையும், எட்டு நாள் குடித்ததையும் சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னார். கடைசியில் மாமாமேல் இரக்கம் காட்டும்படி தன் சார்பாகவும் கேட்டுக்கொண்டார். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். அலமாரியைத் திறந்து, நசுங்காத புது டப்பா ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்பா தயங்கிவிட்டு, வாங்கிக்கொள் என்று கண் காட்டினார்.

"நாம கேட்டு வாங்கலை. அவரா குடுத்தது" என்றார் திரும்பி வரும்போது.

"முனுசாமி மாமாவும் அவரா குடுத்ததுதாம்பா" என்றான் அண்ணன்.

அப்பா சைக்கிளை வேகமாகத் தள்ளினார்.

அன்று மத்தியானமே முனுசாமி மாமாவைக் கையில் கயிறு கட்டிப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனார்கள். யுத்த காலத்தில் பட்டாளத்துச் சொத்து என்பதால் ஒரு டப்பாவுக்கு மூன்று மாதம் ஜெயில் என்று தீர்ப்பானது. அப்பா நல்ல இங்கிலீஷில் இரண்டு மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. தினமும் குடும்ப ஜெபத்தில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பான். அதன் பிறகு அவன் வீட்டில் ஒரு பொய் கூடச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால்தானே. பதினெட்டு முடிந்ததும் பம்பாய்க்கு ரயிலேறியவன், அப்பாவின் அடக்கத்துக்கும் வரவில்லை.

தீர்ப்பான மறுநாள் அம்மா ஒரு பாத்திரத்தில் அரிசியும், அதன்மேல் காகிதத்தில் பொட்டலம் கட்டிய பால்மாவும் வைத்து, முனுசாமி மாமாவின் மனைவியிடம் கொடுத்துவரச் சொன்னாள். தானே போகாமல் என்னை ஏன் அனுப்பினாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்த அக்கா தாய்வீட்டுக்குப் போவதற்காகத் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகளும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தன. பாத்திரத்தை வாங்கவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜொரம் உட்டுட்ச்சா?"

"விட்டுடுச்சு அக்கா."

"நல்லாரு" என்றாள். முடிச்சை இழுத்து இறுக்கினாள். "உங்க ஊட்ல புள்ளைங்கள நல்லா வளத்துகினு கீறாங்கோ. நான் சொன்னேன்னு உங்கம்மாகிட்ட போய் சொல்லு."

அரிசி சிந்த சிந்த ஓடிவந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதை அப்படியே, அவள் பேச்சிலேயே சொன்னேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பாராமல் கொல்லைப்பக்கம் எழுந்து போனாள்.

நான் சொன்னது அவர்கள் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.