நான்கு நட்டும் இரண்டு சுற்றும்

பெட்ரோலில் ஊறிய கார்க்குக்கு ஒரு வாசனை உண்டு. கிள்ளானில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அதுதான் வாசனை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, தாத்தா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் வாங்கிய அந்தப் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின், கார்க் பதித்த 'கிளட்ச் தட்டு'களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். காலி பிஸ்கட் டின்னில் பெட்ரோல் ஊற்றி அவற்றைக் கழுவித் துடைப்பது மகளான என் வேலை. "எந்தப் போமன் கையிலயும் இத விடக்கூடாது" என்பார். 'போமன்' என்றால் எங்கள் ஊரில் மெக்கானிக்.

எனக்குப் பதினோரு வயதானபோது, போர்ட் கிள்ளானில் அப்பா வேலை பார்த்த கிடங்கில், கன்டெய்னர் கதவு அவருடைய இடக்கையின் கடைசி இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. காயம் ஆறியது; ஆனால் அந்த வண்டியின் கிளட்ச் பிடியோ முழுக்கைக்கே முரண்டு பண்ணும். அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. கேபிளை மாற்றினார், எண்ணெய் விட்டார், மறுபடி பிரித்தார். "கேபிள்தான் டைட்டு லா, வேற ஒண்ணும் இல்ல" என்றார். அம்மா விடவில்லை: "வித்துட்டு பஸ்ல போங்க. அந்தக் கைய வச்சிக்கிட்டு லோரிங்க நடுவுல விழுந்தா இந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?" அடுத்த ஞாயிறுக்குள் சரியாகாவிட்டால் விற்றுவிடுவதென்று முடிவாயிற்று. வண்டி இல்லாத அப்பாவை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த ஞாயிறு, கிளட்ச் மூடியைப் பூட்டுவதற்கு முன் அப்பா கை கழுவ உள்ளே போனார். தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் நான்கு ஸ்பிரிங்குகளின் நட்டுகளைத் தளர்த்தினால் கிளட்ச் பிடி இலேசாகும் என்பது பார்த்துப் பார்த்தே எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று தளர்த்தினேன். தளர்ந்த ஸ்பிரிங் தட்டுகளை வழுக்கவிடும், இஞ்சின் ஓடினாலும் சக்கரம் இழுக்காது என்பது மட்டும் தெரியாது.

அப்பா திரும்பி வந்து பூட்டி, பிடியை அழுத்தினார். மூன்று விரலுக்கே அது அடங்கியது. "மேரி, இங்க வந்து பாரு! எண்ணெய் விட்டா சரியாப் போயிரும்னு சொன்னேன்ல?" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை கிள்ளான் பாலத்து ஏற்றத்தில் இஞ்சின் அலறியதாம், வண்டி நகரவே இல்லையாம். பின்னால் வந்த லோரி உரசுகிற தூரத்தில் பிரேக் அடித்து நின்றதாம். சட்டை நனைய வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அப்பாவை நானே கொன்றிருப்பேன். அந்த நினைப்பு இன்றும் என்னை விடுவதில்லை.

அன்று மாலை மூடியைக் கழற்றி நட்டுகளை வெகுநேரம் பார்த்தார். வாரந்தோறும் தன் கையால் பூட்டியவருக்குத் தெரியாமலா போகும்? ஸ்க்ரூடிரைவர் பக்கத்திலேயே கிடந்தது. இறுக்கியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். ஆனால் அந்தப் பிடியை அழுத்த அவர் கையால் முடிந்திருக்காது. ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டு, "தட்டு தேஞ்சிருச்சி, சாமான் கிடைக்காது, கொடுத்துருவோம்" என்று அம்மாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. அந்த வாரமே ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஒருவர் அதை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வருடங்கள் பல ஆகிவிட்டன; இப்போது எங்களிடம் இருப்பது கிளட்ச் பிடியே இல்லாத ஸ்கூட்டர். கார்க் வாசனையும் இல்லை, பிஸ்கட் டின்னும் இல்லை. ஞாயிறுதோறும் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் மாதா கோயிலுக்கு ஓட்டுகிறேன். பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நிற்கும்போது, என் இடது தோளைப் பற்றியிருக்கும் அவருடைய மூன்று விரல்களும் கிளட்ச்சை அழுத்துவதுபோல இறுகும். பச்சை விழுந்ததும் மெதுவாகத் தளரும். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. "அப்பா, அந்த நட்டு..." என்று ஒவ்வொரு வாரமும் தொடங்கப் பார்க்கிறேன். "பாத்துப் போம்மா, ஏத்தம் வருது" என்கிறார். நான் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறேன்; ஸ்கூட்டர் ஏறிவிடுகிறது.