கடுக்காய்க் கறுப்பு

எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். பஸ் ஏறிக் கச்சிராயப்பாளையம் தாண்டிப் போய்ப் பார்த்தால் பச்சை. இன்னும் கிட்டே போய் ஓர் இலையைப் பறித்துக் கையில் வைத்தால் அதில் மஞ்சளும் பழுப்பும் துரு நிறமும் கலந்திருக்கும். இந்த மோசடியை நான் கண்டுபிடித்தபோது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னாலும், மலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இனிமேல் பார்ப்பதையெல்லாம் பார்த்த நிறத்திலேயே வரைந்து வைப்பது என்று முடிவு செய்து ஒரு நோட்டுப் போட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பி.ஏ. முடித்துவிட்டு எங்கள் வீட்டில்தான் இருந்தார். வேலைக்கு மனு எழுதுவதற்காக அவர் வாங்கி, எழுதி எழுதி அலுத்துப்போய் மிச்சம் வைத்திருந்த வெள்ளைத் தாள்களை அம்மா கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தாள். அதுதான் என் நோட்டு. வேலி ஓணான், தூக்கணாங்குருவிக் கூடு, முதல் மழைக்கு மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சி, கிணற்றுப் படியில் பாம்பு உரித்துப் போட்டிருந்த சட்டை மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். படத்துக்குக் கீழே எங்கே பார்த்தேன், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுவேன். ஓணானுக்குக் கீழே, ‘வாயில் புழு. என்னை முறைத்தது’ என்று எழுதியிருந்தேன்.

நிறத்தில்தான் சிக்கல் வந்தது. கடையில் வாங்கிய கலர் பென்சில் பெட்டியில் மாந்தளிரின் நிறம் இல்லை. ஓணானின் கழுத்தும் இல்லை. அதனால் நானே செய்ய ஆரம்பித்தேன். செம்மண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவைத்து அடிவண்டலை எடுத்தால் ஓணான் கழுத்து கிடைத்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவந்தது. சங்குப்பூச் சாறு நீலம். அதிலேயே எலுமிச்சை சொட்டினால் ஊதா. சப்பாத்திக்கள்ளிப் பழம் அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும் ரோஸாக இருந்துவிட்டு, வெயில் பட்டதும் ஏமாற்றிவிட்டுப் பழுப்பாகும். எல்லாவற்றிலும் வேலம்பிசினை ஊறவைத்துக் கலந்தால்தான் தாளில் உதிராமல் நின்றது. எது எதனோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது.

அரைக்கும் வேலை மாமாவுடையது. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு நான் வேலை கொடுத்தேன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். தெருவில் போகிறவர்கள், “இன்னா தம்பி, ஆபீஸ் நடக்குதா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார், அம்மிக் குழவியை விடாமல்.

கறுப்பு மட்டும் எனக்கு வசப்படவேயில்லை. கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவியின் உடம்பில் ஒரு நீலம் ஒளிந்திருக்கிற கறுப்பு இருக்கிறதே, அது வேண்டும் எனக்கு. விளக்குக் கரியைக் குழைத்துப் பூசினால் குருவி செத்ததுபோல் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வரும் ஓர் அக்காவிடம் அம்மா பல்பொடிக்குக் கடுக்காய் வாங்கினாள். நான் கொஞ்சம் எடுத்து, மஞ்சள் நிறம் வருமா பார்க்கலாம் என்று பழைய இரும்புச் சட்டியில் போட்டுக் காய்ச்சினேன். காய்ச்சியதை மறந்தும் போனேன். மறுநாள் பார்த்தால் சட்டி நிறையக் கறுப்பு. தாளில் தொட்டு வைத்தால், காய்ந்த பிறகு சாய்த்துப் பார்க்கையில் அதற்குள் ஒரு நீலம்.

நான் போட்ட கூச்சலில் அம்மா யாரையோ தேள் கொட்டிவிட்டது என்று ஓடி வந்தாள்.

கடுக்காய் கறுக்கவில்லை, இரும்பு கறுக்கவில்லை, இரண்டும் சேர்ந்துதான் கறுத்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. அதற்குப் பிறகு கடுக்காய்த் தண்ணீரைத் தனியாகவும், புளித்த கஞ்சியில் துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்ட தண்ணீரைத் தனியாகவும் வைத்து, வேண்டியபோது கலந்துகொண்டேன். தோலில் பட்டால் எளிதில் போகாது. மாமாவின் விரல்களெல்லாம் கறுத்துவிட்டன. என் வெள்ளைச் சட்டையில் ஊற்றிக்கொண்ட அன்று அம்மா என்னை அடித்துவிட்டு, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத்தான் கறையை எடுத்தாள். அதையும் எழுதி வைத்தேன்.

அந்த வருடம்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. பள்ளிக்கூடம் நின்றது. மணலூர்ப்பேட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்த அப்பா திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்றும் பேசிக்கொண்டார்கள். நான் விழுந்து கிடந்த மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அத்தனை நாளும் அண்ணாந்து பார்த்த காக்காய்க் கூடு என் மடிக்கு நேரே இருந்தது. அதில் சுள்ளிகளோடு சைக்கிள் கம்பியும் பின்னியிருந்தது. உச்சிக் கொழுந்துக்கும் அடிக்கிளை இலைக்கும் நிறம் வேறு. மரம் விழுந்ததற்கு வருத்தப்பட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. உச்சிக்கிளை கைக்கு எட்டுகிறது என்பதே பெரிதாக இருந்தது.

அம்மா மாமாவை வெளியே விடவில்லை. “ஊர்ல எவன் வேணா போவட்டும். நீ வாசப்படிய தாண்டுன, அப்பறம் அக்கான்னு ஒருத்தி இல்லன்னு நெனச்சுக்க” என்று சொல்லிவிட்டாள். மாமா மறுபேச்சுப் பேசாமல் அம்மியடியில் உட்கார்ந்தார். அது மட்டுமில்லை, அவராகவே கடுக்காய் உடைக்கத் தொடங்கினார்.

“பாப்பா, கொஞ்சம் ஜாஸ்தியாவே கலந்து வச்சுக்க. கம்மியா கலந்தா உடனே தீந்துடுது.”

ஒரு பானை நிறையக் கலந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் பானையில் பாதிதான் இருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். மண்பானை தண்ணீரைக் குடிக்கும் என்று தெரியும், இவ்வளவா குடிக்கும்? பக்கத்தில் அதே அளவு பானையில் தண்ணீர் ஊற்றி, கரியால் கோடு போட்டு வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரலளவுகூட இறங்கவில்லை. ‘மண்பானை தண்ணீரைவிட மையை அதிகம் குடிக்கும்’ என்று எழுதி வைத்தேன். மாமாவிடம் காட்டலாம் என்றால் அவர் அன்றைக்கு வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை.

சாலைக்குப் போனால், வெட்டிப் போட்ட மரத்தின் மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியிருந்தார்கள். ‘எங்கள் பங்கு எங்கே?’ என்று அதில் முழ உயர எழுத்துகள். எழுத்து அவ்வளவு அழகு. கோடு எங்கேயும் நடுங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் போலீஸ் வந்தது. வண்டி வர வழியில்லாததால் மரங்களைத் தாண்டி நடந்தே வந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். வேட்டியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, தெருத் தெருவாக வந்து பெயின்ட் கறை இருக்கிறதா என்று வாலிபப் பிள்ளைகளைக் கையை நீட்டச் சொன்னார்கள். மாமாவும் நீட்டினார். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மா தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் பின்னாலேயே ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலில் பெண்கள் கூட்டமாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு சின்ன விஷயம் அவர்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. வீட்டுக்கு ஓடி, ஒரு சொம்பில் கடுக்காய்த் தண்ணீரும் ஒரு கொட்டாங்குச்சியில் துருத்தண்ணீரும் எடுத்துக்கொண்டு, பின்பக்கத்து உடைந்த சுவர் வழியாக நுழைந்தேன்.

எங்கள் வகுப்பறையில் மாமாவையும் இன்னும் சிலரையும் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். வாத்தியார் நாற்காலியில், நரைத்த மீசையோடு ஓர் ஏட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“யாரும்மா நீ? உள்ள எப்படி வந்த?”

“இது எங்க இஸ்கூலு சார்.”

அவர் மீசைக்குள் சிரிப்பது தெரிந்தது. தெற்கத்திப் பேச்சு அவருக்கு. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“எங்க மாமா கையில இருக்கறது பெயின்ட் இல்ல சார். கடுக்காய். நான்தான் அரைக்கச் சொன்னேன்.”

வலது கையைக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எல்லோருக்கும் காட்டினேன். வெறும் மஞ்சள் ஈரம். பிறகு அதன்மேல் துருத்தண்ணீரை ஊற்றினேன். அவர் கண்ணெதிரிலேயே என் கை கறுத்தது. ஏட்டு குனிந்து என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எப்படித்தா தோணுச்சு உனக்கு?”

நான் இரட்டைவால் குருவியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மேசை மேல் இருந்த வேட்டியை விரித்தார்.

“அப்ப இதுல எழுதுனதும் உன் மைதேனா?”

உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அசையவில்லை. எனக்கு ரோஷமாக இருந்தது.

“எங்க மாமா வெளியவே போவல சார். அம்மா வுடல. வேணும்னா ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க, இப்பவே தெரிஞ்சுடும். கடுக்காயா இருந்தா போய்டும். பெயின்டா இருந்தா போவாது.”

“பாப்பா, போதும். நீ வூட்டுக்குப் போ” என்றார் மாமா. அவர் குரல் காய்ந்துபோயிருந்தது. தாகமாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

சமையல் நடந்துகொண்டிருந்த வராண்டாவிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. ஏட்டு அதை உடனே அறுக்கவில்லை. மாமாவைப் பார்த்து, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்.

“பி.ஏ. ஹிஸ்டரிங்க.”

“வேல?”

“இல்லீங்க.”

“எங்க வீட்டுலயும் ஒருத்தன் பி.ஏ. முடிச்சுப்புட்டுச் சும்மாத்தேன் உக்காந்திருக்கான்” என்றார், எலுமிச்சம்பழத்திடம் சொல்வதுபோல. பிறகு பழத்தை அறுத்து, ‘எங்கள்’ என்பதன் முதல் எழுத்தின் சுழியில் பிழிந்து கட்டைவிரலால் தேய்த்தார். நான் மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுப்பு சாம்பலானது. சாம்பல் வெளிறியது. சுழிக்கு நடுவில் வேட்டியின் வெள்ளை தெரிந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது கடுக்காய்! அப்படியென்றால் எங்கள் ஊரில் என்னைப்போலவே இன்னொரு ஆள் இந்த மையைக் கண்டுபிடித்திருக்கிறார். யார் அது? அவருக்கு நீலம் எப்படி வந்தது?

தலைமை ஆசிரியர் அறையிலிருந்து சப்-இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. “என்னய்யா அங்க சத்தம்?”

ஏட்டு வேட்டியை மடக்கினார், ஈரமான இடம் உள்ளே போகும்படி. “துணியில இருக்கது பெயின்ட்டுங்கய்யா. எலுமிச்சங்காய்க்குப் போகல. இந்தப் பையன் கையில இருக்கது வெறும் கடுக்காச் சாயம்.”

“அப்ப அவன அனுப்பு.”

“சார், போயிடுச்சு சார், நல்லா...” என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்த பிடியில் சொம்பு கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வழியெல்லாம் அவரிடம் வாதாடினேன். சோதனை சரியாக நடந்தது, பார்த்தவர்தான் தப்பாகச் சொல்லிவிட்டார், திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். மாமா வேகமாக நடந்தார். ஒருமுறை மட்டும் நின்று என் தலையில் கையை வைத்தார். உட்கார வைத்திருந்த மற்றவர்களை அன்று சாயங்காலமே அழைத்துப் போனார்கள். அவர்கள் கடலூர் ஜெயிலிலிருந்து திரும்பி வர வெகுநாளாயிற்று.

வீட்டில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டு அத்தை மட்டும், “போலீசுக்கே கடுக்காய் குடுத்துட்டு வந்துட்டியாடி!” என்று சிரித்தாள். கொடுக்கவில்லை அத்தை, காட்டினேன் அவ்வளவுதான் என்றேன். அதற்கு எல்லோரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ஏட்டுக்குக் கண் சரியில்லை. வயதானவர், பாவம். அவ்வளவு கிட்டே வைத்துப் பார்த்தும் வெள்ளை தெரியவில்லை. கோபம் போய் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

காலையில் வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணிக் கீரை பறித்து, வாழைநாரால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். போலீஸ்காரர்கள் கிளம்புவதற்காகப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏட்டு வேப்பமரத்தடியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கீரையை அவரிடம் நீட்டினேன்.

“கண்ணுக்கு நல்லது சார். தெனம் சாப்பிடணும்.”

அவர் கீரையைப் பார்த்தார். இன்னும் கறுப்பு போகாத என் கையைப் பார்த்தார். பூட்ஸை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“எனக்குக் கண்ணு நல்லாத்தேன் தெரியுதும்மா” என்றார் மெதுவாக.

எங்கள் பெரியப்பாவும் கண்ணாடி போடுகிற வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் நான் அவரோடு வாதம் செய்யவில்லை. பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் கசக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.