நீளம் போதாத கம்பி

எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவன் என்று அக்கா சொல்லுவாள். சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. பழைய எலக்ட்ரானிக் ஆர்கன்களை வாங்கிப் பிரிப்பதுதான் தொழில். ஓடுகிற பாகங்கள் ரிப்பேர்காரர்களுக்கு, தங்கம் பூசிய கம்பிகள் உருக்குகிறவருக்கு. ஆர்கனில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் மெல்லிசாக ஒரு கம்பி இருக்கும். கட்டையை அழுத்தினால் அது கீழே உள்ள பட்டையைத் தொடும். தொட்டால்தான் சத்தம். கறுத்துப்போகக் கூடாதென்று அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் அதற்குத் தங்கம் பூசியிருக்கிறான்.

கம்பியைக் கழற்ற முறை உண்டு. சூடு வைத்து ஈயத்தை இளக்கி மெதுவாக இழுத்தால் முழுசாக வரும். ஆனால் ஒரு ஆர்கனில் அறுபத்தோரு கட்டை. யாரால் உட்கார முடியும்? நான் கட்டிங் பிளையரால் அடியில் நறுக்கிவிடுவேன். உருக்குகிறவருக்குக் கம்பி எந்த நீளத்தில் இருந்தால் என்ன?

அன்றைக்கும் அப்படித்தான். ரிட்டயரான வாத்தியார் ஒருவர் வீட்டிலிருந்து வந்த ஆர்கனை ஒரே மூச்சில் நறுக்கி, கம்பிகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தேன். மறுநாள் கடலூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள் அவள். வீட்டில் எல்லோருக்கும் அடங்கி நடப்பாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். அவள் தலையாட்டினால்தான் சபையே பாட்டை எடுக்கும்.

"டேய், ஏழு கட்ட பேசலடா. வர்ற ஞாயித்துக்கெழமயும் இப்டியே இருந்தா கமிட்டிக்காரங்க தூக்கி எடைக்குப் போட்டுட்டு கீபோர்டு வாங்கிடுவாங்களாம். அத வாசிக்க வேற பொண்ணு ரெடியா இருக்காளாம். அப்புறம் எனக்கு அங்க இன்னா வேல?"

"அட, இதுக்கா அழுவுற? அதே கம்பெனி ஆர்கன நேத்துதான் பிரிச்சேன். கம்பி பாட்டில் நெறைய கெடக்கு. சனிக்கெழம வந்து மாட்டித் தரேன், போ."

சனிக்கிழமை பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் படியோரமாகவே நின்றுகொண்டு போனேன். சர்ச்சில் ஆர்கனைத் திறந்து பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் கம்பிகளைச் சுத்தம் செய்கிறேனென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான். தங்கம் போய்விட்டது, மிச்சத்தைக் கடல் காற்று பார்த்துக்கொண்டது. அக்கா டார்ச் அடிக்க, பாட்டிலிலிருந்து ஒரு கம்பியை எடுத்து வைத்தேன். பட்டையை எட்டவில்லை. ஒரு அரிசி நீளம் குறைந்தது. இன்னொன்றை வைத்தேன், அதுவும் எட்டவில்லை. பாட்டிலையே கவிழ்த்துக் கொட்டித் தேடினேன். எல்லாம் நான் நறுக்கியவை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இன்னாடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. நீ லைட்ட நேரா புடி."

செப்புக் கம்பித் துண்டுகளை ஈயத்தால் ஒட்டி நீளத்தைக் கூட்டினேன். ஒட்டுப்போட்ட கம்பிக்கு வளைந்து நிமிரும் தெம்பு இருக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏழு கட்டையும் பேசின. அக்கா முந்தானையால் கட்டைகளைத் துடைத்துவிட்டு, எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாம் பாட்டின் நடுவில் ஒரு கம்பி பட்டையோடு ஒட்டிக்கொண்டது. அக்கா இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், ஆர்கன் நிற்கவில்லை. ஒரே சுரத்தில் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார். சபை ஆர்கன் இல்லாமலே பாடி முடித்தது. அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன்.

அடுத்த வாரமே ஆர்கன் எடைக்கு வந்தது. யாரிடம் வரும்? என்னிடம்தான். லோடு ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவும் வந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்து தண்ணீர் கேட்டாள்.

"அக்கா, தப்பு என்னுது. கம்பிய நறுக்கிட்டேன். ஒட்டு நிக்காதுன்னு தெரிஞ்சேதான்..."

"நீ ஒட்டும்போது டார்ச் யார் கையில இருந்துச்சு? பாத்துக்கினுதான்டா இருந்தேன். நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

நான் ஆர்கன் மூடியைத் திறந்தேன். கை பழக்கத்தில் கட்டிங் பிளையரை எடுத்தது. அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி மேஜையின் அந்தக் கோடியில் வைத்தாள்.

"வெட்டாத. பேசுற கம்பி இன்னும் அம்பதுக்கு மேல இருக்கு. வேற ஊர் சர்ச்சுலயும் என்ன மாதிரி ஒருத்தி ஒக்காந்திருப்பா. அந்த சூடு வெக்கிறத எடு. எப்படின்னு காட்டு."

ஒரு தடவை காட்டினேன். அதற்குப் பிறகு அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக ஈயத்தை இளக்கிக் கம்பியை முழுசாக எடுத்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகவில்லை, டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.