முட்டை சுமந்த சங்கு நண்டு

கன்னியாகுமரி போய்வந்த மாமா எனக்குக் கொடுத்த இரண்டு சங்கு நண்டுகள், காலிச் சங்குகளுக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, எங்கள் வலியசாலை வீட்டுக் கொல்லையில் விளிம்பு உடைந்த கண்ணாடித் தொட்டியில் குடியிருந்தன. நண்டு என்ற பேச்சே நுழையாத வீடு எங்களுடையது. தொட்டிப் பக்கம் வர நேர்ந்தால் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்கோ பள்ளிக்கூடத்திலும் தொட்டி ஞாபகம்தான்.

ஒரு நாள் சாயங்காலம் பெரியது சின்னதன் சங்கைப் பிடித்து ஆட்டி, டக் டக்கென்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. சண்டையென்று நினைத்து ஈர்க்குச்சியால் விலக்கப் பார்த்தேன். பிரீ-டிகிரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன், "சண்டையொண்ணுமில்லே, நீ உள்ளே போ!" என்று காது சிவக்க விரட்டினான். அப்புறம் ஒரு நாள் சின்னது சங்கிலிருந்து நீண்டு வெளியே வந்தபோது, அதன் வயிற்றோரம் செங்கல் நிறத்தில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

"கடல்தண்ணி பட்டாத்தான் குஞ்சு வெளிலே வரும், கேட்டியா? இங்கேயே கிடந்தா அத்தனையும் பாழாக்கும்" என்றான் அண்ணன்.

அதோடு போயிற்று என் நிம்மதி. சோறு இறங்கவில்லை. முட்டைகள் நிறம் மாறிச் சாம்பல் பூக்கப் பூக்க, நான் கொல்லைக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். சங்குமுகம் கடற்கரை ஒன்றும் அசலூர் இல்லை. ஆனால் மழைக்காலக் கடலுக்குப் பிள்ளைகள் தனியாகப் போகக்கூடாது, அப்பாதான் கூட்டிப்போக வேண்டும். அப்பாவோ தாடியைச் சொறிந்துகொண்டு, "இப்போ முடியாதுடீ" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்தது பல வருஷங்கள் கழித்து. அம்மா உண்டாகியிருந்தாள். மனைவி கர்ப்பமாக இருக்கையில் கணவன் சவரம் செய்துகொள்ளக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். முன்பே ஒருமுறை பிள்ளை தங்காமல் போன பயத்தில், அலை காலில் பட்டுவிடும் என்று அப்பாவை மணலில் நிற்கக்கூட அம்மா விடவில்லை. என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை. அப்பாவுக்குச் சோம்பல் என்று முடிவுகட்டி, அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டேன்.

பிறகு ஒரு காலையில் அம்மாவை டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுவலி என்றார்கள். அவள் திரும்பி வந்து உள்ளறையில் படுத்துக்கொண்ட மறுநாள், மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு அப்பா கொல்லைக்கு வந்தார்.

"நண்டை எடுத்துக்கோ, போகலாம்."

என் பிடிவாதம்தான் ஜெயித்தது என்று குதித்தேன். தடை ஏன் நீங்கியது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஈர மணலில் விட்டதும் நண்டு அலையை நோக்கி நகர்ந்தது. தண்ணீர் மூடியபோது சங்கிலிருந்து பாதி உடம்பை நீட்டி உதறியது. அலை வடிந்தபோது வயிறு வெறுமையாக இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. வேட்டி நனைய அலைக்குள் இறங்கி நின்றவர், நான் கத்திக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உள்ளறைக்குள் ஓடினேன். "அம்மா, எல்லாக் குஞ்சும் கடலுக்குப் போயாச்சு! ஒண்ணுகூட வீணாகலே!"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நோவில்லாமப் பெத்துதா?"

"ஒரே அலைதாம்மா!"

அவ்வளவுதான், அவள் தலையணையில் முகம் புதைத்து அழ ஆரம்பித்தாள். ஒரு நண்டு சுகமாகப் பெற்றதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எரிச்சலாக வந்தது. கையை உருவிக்கொண்டு, சந்தோஷப்படத் தெரிந்த அண்ணனைத் தேடிப் போனேன்.